கியர் இல்லாத கௌரவம்

போன ஞாயிறு பெங்களூரில் பெண்ணெ தோசைக்கு வரிசையில் நிற்கிறேன். முன்னால், உடம்பைப் பிடித்த அரை டிராயரில் ஒரு சைக்கிள் கும்பல். விடியற்காலையிலேயே நந்தி மலை ஏறி இறங்கிவிட்டார்களாம். நான் கேட்கவில்லை, வரிசையில் யாருமே கேட்கவில்லை. கும்பலின் நடுநாயகம் என் அக்கா மகன்.

"மாமா, இதுல கியரே கிடையாது, தெரியுமா?"

தெரியும். ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய சைக்கிளில் கியர் இல்லை என்பது சம்பிகே ரோட்டில் பூ விற்கும் அம்மாவுக்கே தெரியும். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 1937இல்தான் கியர் மாற்றும் கருவியை அனுமதித்தார்கள். பந்தயத்தைத் தொடங்கிய தெக்ராஞ்சுக்கு அதைக் கண்டாலே ஆகாது. அத்தனை பேர் முட்டி தேய்ந்து வாங்கிய வசதியை இவன் காசு கொடுத்துக் கழற்றியிருக்கிறான்.

நான் சொல்ல வந்தது அவனுடைய மாகளிதுர்கா பயணத்தைப் பற்றி. அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு.

அவன் சைக்கிளில் முன்னால் 32 பல், பின்னால் 20. 29 இஞ்ச் சக்கரம். ஒரு மிதிக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் மீட்டர் போகும். எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் பெரியவரின் கறுப்பு சைக்கிள் இருக்கிறதே, அந்த ஜாதி சைக்கிளில் பெரும்பாலும் முன்னால் 44, பின்னால் 18. ஒரு மிதிக்கு ஐந்து மீட்டர் தாண்டும். அதாவது, ஏற்றத்தில் பெரியவருக்குத்தான் மிதி கனம். சைக்கிளின் எடையோ இவனுடையதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. கேரியரில் கோணி மூட்டை தனி. அவர் சாங்கி ரோடு ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கிறார், முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுகிறார். யாரும் கைதட்டிப் பார்த்ததில்லை. செயின் தொய்ந்தால் பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, முடுக்கிவிட்டுப் போகிறார். அக்கா மகன் சைக்கிளிலும் அதே ஏற்பாடுதான். ஆனால் அதற்கு ஒரு இங்கிலீஷ் பேர் இருக்கிறது, அந்தப் பேருக்கும் சேர்த்து பில் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. நந்தி மலை 1,478 மீட்டர் உயரம். பெங்களூரே 900 மீட்டருக்கு மேல். பாதிக்கு மேல் ஊரே தூக்கிவிட்டுவிட்டது. மிச்சத்தை ஏறிவிட்டு வந்துதான் இவ்வளவு பேச்சு.

குரங்கு பெடல் போட்டு சைக்கிள் கற்ற தலைமுறைக்கு இதெல்லாம் எரிச்சலாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

மாகளிதுர்காவுக்கு வருவோம். கூடாரத்தோடு, காட்டி சுப்ரமண்யா வழியாக, மண்பாதையில் ரெண்டு நாள். அதற்காக ஹேண்டில்பாரில் ஒரு உருளைப் பை, சட்டத்துக்கு நடுவில் ஒரு முக்கோணப் பை, சீட்டுக்குப் பின்னால் வால் மாதிரி ஒன்று. எடையைக் குறைக்க டூத் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்துவிட்டான். அறுத்த துண்டு எங்கள் வாஷ்பேசினில் கிடக்கிறது. மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, மணி இல்லை. ஸ்டாண்டு இல்லாததால் சைக்கிள் எங்கள் ஹாலில், டி.வி.க்கு முன்னால், சுவரில் சாய்ந்து நிற்கிறது. கிரிக்கெட் பார்க்க வேண்டுமென்றால் அதன் சட்டத்துக்குள் தலையை விட வேண்டும்.

நேற்று சாயங்காலம் அவன் சும்மா ஒரு சுற்றுக்குக் கிளம்பினான். "அப்படியே எட்டாவது கிராஸ்ல நாலு முருங்கைக்காய் வாங்கிண்டு வா" என்றாள் அக்கா.

"எப்படிம்மா? இதுல கேரியர் கிடையாது."

அக்கா துணிப்பையை என் கையில் கொடுத்தாள்.