ராயக்கோட்டைப் பாட்டிக்கு லண்டனில் ஒரு பேரன்

அன்புள்ள அத்தைக்கு,

வழக்கமான கேள்விகளுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். சம்பளம் ஏறவில்லை, உடம்பு ஏறியிருக்கிறது, பெண் பார்க்க இப்போது அவசரம் ஒன்றுமில்லை.

இங்கே யாரிடமும் ஓசூர் என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. "பெங்களூருக்குப் பக்கம்" என்று நம்மைக் கர்நாடகத்துக்குத் தாரை வார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்க வேண்டும். டைட்டன் வாட்சும் டிவிஎஸ் வண்டியும் லேலண்டு லாரியும் எங்கள் ஊரில் செய்கிறார்கள் என்று பெருமையடித்தால், "அப்படியா" என்றுவிட்டு மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். கீழ்வீட்டுப் பெரியவர் மட்டும் விதிவிலக்கு. ஓசூர் என்றதும் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அங்கிருந்து ராயக்கோட்டை எவ்வளவு தூரம்?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராயக்கோட்டைத் தக்காளி மண்டியின் புகழ் இவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்று நினைத்தேன்.

அவருக்கு வேண்டியது தக்காளி இல்லை, ஒரு பாட்டி. அவருடைய பாட்டனுக்குப் பாட்டனுக்கும் மேலே ஒருவன் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் சார்ஜெண்டாக ராயக்கோட்டையில் இருந்து அங்கேயே செத்தானாம். அவன் பெண்டாட்டி அப்புறம் என்ன ஆனாள் என்பதுதான், ரிட்டயரானதிலிருந்து பெரியவரைப் பிடித்த பேய்.

அத்திப்பள்ளி செக்போஸ்ட்தான் எல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சார்ஜெண்டு காலத்தில் அது ராயக்கோட்டையில் இருந்தது. 1792-இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் சீமையை விட்டுக்கொடுத்தபோது ராயக்கோட்டை கம்பெனிக்குப் போனது. ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் மைசூரோடு நின்றன. 1799-இல் திப்பு சாகும்வரை ஏழு வருஷம், ராயக்கோட்டையில் நீங்கள் வடகம் காயப்போடும் மாடியிலிருந்து தெரிகிற அதே மலைதான் கம்பெனியின் எல்லைக் காவல். அந்த வருஷம் மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் கம்பெனிப் படை அந்த வழியாகத்தான் மைசூர்ச் சீமைக்குள் நுழைந்தது. உங்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வர அப்போது ஒரு ராஜ்ஜியத்தைத் தாண்டியிருக்க வேண்டும் அத்தை. இப்போது டவுன் பஸ்ஸில் வருவதற்கே நீங்கள் சலித்துக்கொள்கிறீர்கள்.

கம்பெனி லண்டனில் வைத்திருந்த காகிதம் இங்கே பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. போட்டிருக்கும் கோட்டைக் கழற்றி லாக்கரில் வைக்க வேண்டும், தண்ணீர் பாட்டில் கூடாது, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பை, பேனாவுக்குத் தடை. ஒன்றாம் வகுப்புக்குப் பிறகு நான் பென்சில் சீவியது இங்கேதான். ஓசூரை விட்டு வெளியேற அத்தனை கோயிலுக்கு வேண்டிக்கொண்டவன், சனிக்கிழமை தவறாமல் லண்டன் நடுவில் உட்கார்ந்து ஓசூரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எழுத்து வேறு ஆளுக்கொரு விதம். கிருஷ்ணகிரியை வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு சொன்னதைப்போல எழுதியிருக்கிறார்கள்.

மதராஸ் ராஜதானியில் பாதிரிகள் பதிந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றுக்கு அவர்கள் லண்டனுக்கு அனுப்பிய நகல் இருக்கிறது. உயில் தனி. செத்த சிப்பாயின் சாமானை ஏலம் போட்ட கணக்கு தனி. பெரியவரின் சார்ஜெண்டு கம்பளியும் பூட்ஸும் கறிச்சட்டியும் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். எதை எவன் எடுத்தான், என்ன விலைக்கு எடுத்தான் என்பது பைசா சுத்தமாக இருக்கிறது. பெண்டாட்டி பெயர் கிடையாது. மகனின் ஞானஸ்நானப் பதிவில் அப்பன் பெயர், பதவி, பட்டாளம் எல்லாம் உண்டு; அம்மாவுக்கு இடமே விடவில்லை. அந்தக் காலத்தில் எல்லைக் கோட்டைகளுக்குப் பாதிரி எப்போதாவதுதான் வருவார். பல கல்யாணங்கள் காகிதம் ஏறவில்லை. உள்ளூர்ப் பெண் என்றால் எழுதுகிறவனுக்குக் கை வராது.

பெரியவர் விடவில்லை. அடக்கத்தை விட்டுவிட்டுக் கல்யாணப் பக்கம் போனார். அங்கே இருந்தாள். சார்ஜெண்டு செத்து மூன்றே மாதத்தில், வேறொரு பட்டாளத்து கார்ப்பரலைக் கட்டிக்கொண்ட "மேரி, விதவை". பெரியவர் முகம் கறுத்துவிட்டது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டன் சார்பில் ரோஷம்! "மூன்று மாதம்கூடப் பொறுக்க முடியவில்லையா?" என்றார். புருஷன் போனால் ரேஷன் போகும், தங்க இடம் போகும், கையில் குழந்தை, எதிரே திப்புவின் ஆட்கள், அவள் எதை வைத்துப் பொறுப்பாள் என்று கேட்டேன். பட்டாள விதவைகள் வாரக்கணக்கில் மறுமணம் செய்துகொண்டது அன்றைக்குச் சாதாரணம். அடுத்த புருஷன் பெயருக்குள் போனதால்தான் அவர்கள் கண்ணில் படாமல் போகிறார்கள். இரண்டு பிஸ்கட் தின்ற பிறகு அவளை மன்னித்தார்.

மேரி என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அயர்லாந்துக்காரியும் மேரிதான், ஞானஸ்நானம் வாங்கிய பாலக்கோட்டுக்காரியும் மேரிதான். பெரியவர் குப்பியில் எச்சில் துப்பி, மரபணு பார்க்கும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினார். உடம்பில் நூற்றில் ஒரு பங்கு தெற்காசியா என்று பதில் வந்தது. அன்றிலிருந்து நான் அவருக்கு உறவுக்காரன். நான் மறந்தால் குப்பைத் தொட்டியை அவரே தெருவுக்கு உருட்டிப் போகிறார். செருப்பை வாசலில் கண்டபடி விட்டால் கண்டிக்கவும் செய்கிறார்.

இப்போதுதான் வினை. பெரிய தாளில் கட்டம் போட்டுக்கொண்டு வந்து, "உன் பக்கத்தைச் சொல்" என்றார். அப்பா, தாத்தா, அவர் அப்பா, அதற்கு மேலும் ஒரு ஆள் என்று ஆண்களைக் கடகடவென்று சொன்னேன். அப்புறம் அந்தப் பாட்டிக்கு வந்தோம்: தாது வருஷப் பஞ்சத்தில் புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளைகளை வைத்துக்கொண்டு சூளகிரிச் சந்தையில் புளி விற்று நிலத்தைக் காப்பாற்றினாள் என்று தாத்தா வாய் ஓயாமல் சொல்வாரே, உங்களுக்குக் கொள்ளுப்பாட்டி. அவள் வண்டி மாடு மயிலை, அதற்கு வலது கொம்பு முறிந்தது என்பதுவரை எனக்குத் தெரியும். அவள் பெயர் தெரியவில்லை. பெரியவர் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்துவிட்டு, கட்டத்தில் கேள்விக்குறி போட்டு, பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். வெள்ளைக்காரன் தரும் தண்டனைகளிலேயே கொடுமையானது அதுதான்.

ஆகையால் உங்களிடம் ஒரு வேலை. தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்து பழைய பத்திரங்களைப் பாருங்கள். கிரயப் பத்திரத்தில் பெரும்பாலும் ஆம்பிளைகள்தான் இருப்பார்கள். கடன் பத்திரம், அடமானப் பத்திரம் பாருங்கள். பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போது கடன் வாங்கினால், "மைனர்களுக்குக் கார்டியன் தாயார்" என்று போட்டுக் கீழே கைநாட்டு வாங்கியிருப்பான். கடன் கொடுக்கிறவன் மட்டும் விதவையின் பெயரைச் சரியாகக் கேட்டு எழுதுவான். செல்லரித்திருந்தால் பிரிக்காதீர்கள், தம்பியை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ராயக்கோட்டைக் கிழவிகளில் யாருக்காவது நினைவிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சித்தப்பா காதுக்கு மட்டும் போக வேண்டாம். பழைய பத்திரம் தேடுகிறான் என்று தெரிந்தால், லண்டனில் உட்கார்ந்துகொண்டு பாகம் கேட்கிறான் என்று ஊரைக் கூட்டிவிடுவார்.

உங்கள் அன்பு மருமகன்

பி.கு.: பெரியவர் ஜனவரியில் வருகிறார். மலை ஏற வேண்டுமாம், மூட்டு இரண்டும் மாற்றியவர். உங்கள் வீட்டில்தான் தங்குவார். வருகிறவர்களிடம் உறவு என்று அவரே சொல்லிக்கொள்வார், நீங்கள் மறுத்துவிடுங்கள். சித்தப்பா அவருக்கும் ஒரு பாகம் போட்டுக் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.