பதினைந்தாவது நிமிடம் யாருக்குச் சொந்தம்?

பெறுநர்: மத்தியத் தொழிலாளர் அமைச்சகம், புது தில்லி.
பொருள்: ஸ்பிளிட் டூட்டியில் காணாமல் போகும் நேரத்தைக் கண்டுபிடித்துத் தரக் கோருதல்.

ஐயா,

பேருந்துத் தொழிலாளியின் ஒரு நாள் வேலையை இரண்டு துண்டாக்கலாம், மூன்றாக்கக் கூடாது என்றது 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். காலையில் பள்ளி, அலுவலகக் கூட்டம். மாலையில் அதே கூட்டம் வீடு திரும்பும். நடுப்பகலில் வண்டி காலி. ஆகவே ஸ்பிளிட் டூட்டி. வேலை எட்டு மணி நேரம். இடைவெளியும் சேர்த்து 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்றது அச்சட்டம். மிஞ்சும் நான்கு மணி நேரத்துக்குக் கூலி உண்டென்று அதில் ஒரு வரி இருந்ததில்லை. அது தொழிலாளியின் சொந்த நேரமாம். வீடு பக்கத்தில் இருந்தால் சரி. இல்லாதவருக்கு அந்தச் சொந்த நேரத்தைக் காக்கிச் சட்டையோடு டிப்போ பெஞ்சில் அனுபவிக்கும் பாக்கியம் வாய்க்கிறது.

ஆனால் சட்டத்தின் உண்மையான கைவண்ணம் 'வேலை நேரம்' என்ற வரையறையில்தான் இருக்கிறது. வண்டி ஓடும் நேரம் வேலை. அதையொட்டிய துணைப் பணிகளும் வேலை. கடைசி நிறுத்தத்தில் வெறுமனே இருப்பதும் வேலையே, 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால். 6.40-க்கு வந்த வண்டி 6.54-க்குக் கிளம்பினால் நடத்துநர் 14 நிமிடம் உழைத்தவர். 6.55-க்குக் கிளம்பினால் அந்த வரியில் அவருக்கு இடமில்லை. இரண்டு நாளும் அவர் செய்தது என்னவோ ஒன்றுதான்: பையைக் கக்கத்தில் இடுக்கிப் படியருகே நின்று, "வண்டி எப்பங்க எடுப்பீங்க?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார். நெரிசலில் சிக்கி வண்டி தாமதமாக வந்தால் காத்திருப்பு சுருங்கி, அதுவே வேலையாகிவிடும். தொழிலாளிக்குப் போக்குவரத்து நெரிசல் செய்யும் ஒரே நன்மை இது.

வெறுமனே இருப்பது என்றால் என்ன என்பதையும் சட்டமே விளக்கியது: அழைத்தால் குரல் கொடுக்கவோ, குறித்த நேரத்தில் வேலையைத் தொடரவோ தன் இடத்திலேயே இருப்பது. நகரவும் கூடாது, வேலையும் இல்லை. சித்தர்கள் ஆயுள் முழுக்கத் தவமிருந்து தேடிய நிலை! இதில் கூலி விவகாரமும் உண்டு. எட்டு மணி நேரம் தாண்டினால்தான் இரட்டிப்புக் கூலி. அந்த எட்டு நிரம்பாமல் பார்த்துக்கொள்ள இந்த வரையறை கைகொடுக்கிறது.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2020-ஆம் ஆண்டின் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பு எட்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு, அதை எவ்வளவு நேரத்துக்குள் பரப்பலாம் என்பதை அரசின் அறிவிக்கைக்கு விட்டுவிட்டது. அந்த அறிவிக்கையில் இடைவெளிக்குப் பாதிக் கூலியாவது சேர்க்க வேண்டுகிறது இவ்விண்ணப்பம். அது இயலாதெனில், பதினைந்தாவது நிமிடத்தில் டிக்கெட் பையை யாரிடம் ஒப்படைத்துவிட்டு நடத்துநர் வீட்டுக்குப் போகலாம் என்பதையாவது தெரிவிக்கவும்.