றெக்கோட் மாமா

திருகோணமலை ரவுணிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போனால் உப்புவெளி தாண்டிச் சாம்பல்தீவு வரும். அங்கே மட்டுமல்ல, அந்தக் கரையோரத்தில் எந்த ஊரில் இறங்கினாலும் ஒரு றெக்கோட் மாமா இருப்பார். வயது எழுபதை ஒட்டியிருக்கும். அரசாங்க உத்தியோகம் பார்த்துப் பென்சன் எடுத்தவர். விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை, பக்கத்தில் மேசை, மேசையில் லேஸ் துணி மூடிய ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் என்ன என்று தவறியும் கேட்டுவிடாதீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேரமாட்டீர்கள்.

"தம்பி, எழுபத்தெட்டு எண்டா என்னெண்டு தெரியுமோ?" என்றுதான் தொடங்குவார். அவருடைய வயதாக்கும் என்று தலையாட்டினால் தொலைந்தீர்கள். நிமிடத்துக்கு 78 சுற்று. பத்தங்குலத் தட்டு, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். அரக்குச் சேர்த்துச் செய்தது, விழுந்தால் அப்பளம். பிறகு 1948இல் கொலம்பியா கம்பனி 33 சுற்றுப் பெரிய தட்டைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே ஆர்.சி.ஏ. கம்பனி 45 சுற்றுச் சின்னத் தட்டை இறக்கியது. இவை இரண்டும் வைனல், லேசில் உடையா. அதனாலேயே மாமாவுக்கு அவற்றில் மதிப்பு ஒரு படி குறைவு. "உடையாத சாமானை ஆர் பயந்து பிடிப்பான்?"

பயந்து பிடிப்பது எப்படி என்று அவர் செய்து காட்டுவார். முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். உங்களுக்கும் அது விதி. பிறகு உறையிலிருந்து தட்டை உருவி, இரண்டு உள்ளங்கையாலும் விளிம்பை மட்டும் தாங்கி, வெளிச்சத்தில் சரித்துப் பார்த்து, ஊதி, வெல்வெற் துணியால் வட்டமாகத் துடைத்து மேடையில் வைப்பார். குறுக்கே துடைப்பவன் கொலைகாரன். ஊசி தாங்கிய கையின் தலையில் ஒரு 25 சதக் குத்தி ஒட்டியிருக்கும். கீறல் விழுந்த இடத்தில் ஊசி துள்ளாமலிருக்க அந்தப் பாரம். அந்தக் குத்திக்கு இன்று கடையில் ஒன்றும் வாங்க முடியாது. அதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே வேலை இதுதான்.

இவ்வளவும் முடிந்து தட்டுச் சுழலும். பாட்டும் வரும். ஆனால் பாட்டு வருவது பூச்சாடிக்குப் பின்னால் சாத்தி வைத்த, மகன் பாவித்துக் கழித்த கைத்தொலைபேசியிலிருந்து. பெட்டியில் ஊசி தேய்ந்து போய் வருடக்கணக்காகிறது. இலங்கையில் கிடைக்கவில்லை என்பது மாமாவின் வாதம், தேடவில்லை என்பது மாமியின் வாதம். சரணத்துக்கு நடுவில் யூடியூப்பில் ஷாம்பு விளம்பரம் வந்தால் மாமா முகம் சுளிக்கமாட்டார். "1950இல ரேடியோ சிலோன் வர்த்தக சேவை தொடங்கினதே விளம்பரத்துக்குத்தானே!"

றெக்கோட் கடைகளைப் பற்றி அவர் விடும் பெருமூச்சுகள் பிரசித்தம். மூலைக்கு மூலை கடை இருந்ததாம், கண்ணாடி அறைக்குள் நின்று கேட்டுப் பார்த்து வாங்கலாமாம். எந்த ஊரில் என்று கேட்டால் கொழும்பு, மெட்ராஸ் என்று போகும். சாம்பல்தீவில் அப்படியொரு கடை இருந்ததாக அவர்கூடச் சொன்னதில்லை. அவருடைய கடை சல்லி அம்மன் கோவில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்ட வருபவரின் தகரப் பெட்டிதான். தென்னைமரத்தில் குழாய், அடியில் சாவி கொடுக்கிற மெஷின். பக்கத்தில் அரைக்காற்சட்டையோடு குந்தியிருந்து தட்டுத் தட்டாக எடுத்துக் கொடுத்தது இந்த மாமா. உருக்கு ஊசி ஒரு பக்கம் பாடியதும் தேய்ந்துவிடும், மாற்ற வேண்டும். எச்.எம்.வி. நாய் படம் போட்ட குட்டித் தகரப் பேணியில் 200 ஊசி இருக்கும். கழித்த ஊசிகளைச் சேர்ப்பதுதான் சம்பளம். மற்ற நாட்களில் தேத்தண்ணிக் கடை வானொலி. எஸ்.பி. மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் கொழும்பில் தட்டைச் சுழற்ற, இங்கே கேட்டவர்கள் மாத்திரமல்ல, கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் கேட்டவர்களும் ஒரு தட்டும் வாங்காமலே றெக்கோட் ரசிகர்களானார்கள். சொந்தமாக வைத்திருந்தவனைவிட ஓசியில் கேட்டவனுக்குத்தான் ஏக்கம் அதிகம் என்பது என் கணிப்பு.

சம்பளம் எடுக்கத் தொடங்கித் தட்டு வாங்கலாம் என்று அவர் நிமிர்ந்த நேரம் சிறிமாவோ ஆட்சியின் இறக்குமதிக் கட்டுப்பாடு. 1977இல் ஜே.ஆர். கதவைத் திறந்துவிட, தட்டு வரவில்லை, ஜப்பான் கசற் றேடியோ வந்து குவிந்தது. ஊரெல்லாம் றெக்கோடிங் பார். கொப்பித் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் ரீ.டி.கே. கசற்றில் பதிந்து தருவார்கள். மாமா அப்போது கசற்றைக் கரித்துக் கொட்டினார். இப்போது பெருமூச்சுப் பட்டியலில் கசற்றும் சேர்ந்துவிட்டது. சீ.டி.க்கு இன்னும் பத்து வருடம் பொறுக்க வேண்டும்.

எப்படியோ சேர்த்தவற்றில் பாதி 1990 இடப்பெயர்வில் போனது. மீதி 2004 சுனாமியில் கடல்தண்ணியில் நனைந்தது. வைனலுக்கு உப்புத்தண்ணி ஒன்றும் செய்யாது, கழுவிக் காயவைக்கலாம். மட்டை உறைகள்தான் கரைந்தன. தப்பிய உறைகளில் கைக்கு வந்த தட்டைச் செருகியதால், சீர்காழி கோவிந்தராஜன் திருநீற்றோடு சிரிக்கும் உறைக்குள் இன்று இருப்பவர் ஜிம் ரீவ்ஸ். அதைச் சரிசெய்ய மாமா சம்மதிக்கமாட்டார். இருபது வருடமாக ஒன்றாயிருக்கிறார்களாம்.

வெயிலில் வளைந்துபோன ஒரு தட்டை மாமி சுடுதண்ணியில் அமிழ்த்தி, சட்டிமேல் கவிழ்த்து, விளிம்பை மடக்கிப் பூக்கிண்ணமாக்கினார். ஒரு வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. "இஞ்சேருங்கோ, பாடாத தட்டில பூவாவது கிடக்கட்டுமெண்டுதான்" என்ற மாமியின் விளக்கத்தை அரக்குத் தட்டுக் கட்சி இன்னும் ஏற்கவில்லை.

அண்மையில் ரொறன்ரோவிலிருந்து வந்த பெறாமகன் ஒருவன், அங்கே இளசுகள் நாற்பது டொலர் கொடுத்துப் புதுத் தட்டு வாங்குவதாகவும், 2008 முதல் ஒவ்வொரு வருடமும் 'றெக்கோட் ஸ்ரோர் டே' என்று கடைகளுக்கே ஒரு நாள் கொண்டாடுவதாகவும் சொன்னான். 2022இல் அமெரிக்காவில் 4 கோடி 10 இலட்சம் வைனல் தட்டு விற்றது, சீ.டி. 3 கோடி 30 இலட்சம்தான் என்பதையும் சொல்லிவிட்டான். சொல்லியிருக்கக் கூடாது. "இப்பத்தான் அமெரிக்காக்காரன் என்ர நிலைக்கு வந்திருக்கிறான்" என்று சந்தியில் நிற்பவர்கள், மீன்காரர், கிராம சேவகர் என்று ஒருவரையும் மாமா விடவில்லை.

கேலி ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பாட்டைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை, நடுவில் அடுத்ததுக்குத் தாவாமல் கேட்கிற ஆள் அந்த வீதியில் இவர் ஒருவர்தான். ஆகவே கனடா, லண்டன், சுவிஸ் என்று எங்கிருந்தாவது சாம்பல்தீவுப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாமாவின் பெட்டிக்கு ஒரு ஊசி கொண்டுவாருங்கள். புறப்படமுன் தலையின் நம்பரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், எல்லா ஊசியும் எல்லாத் தலைக்கும் பொருந்தாது. சொக்லேற் வேண்டாம், அவருக்குச் சீனி வருத்தம்.