வளத்தி வந்துட்டேன் சார்

மேல்மலையனூரில் குடியிருப்பவனுக்கு அமாவாசை மட்டும் சொந்தமில்லை. அது அங்காளம்மனுக்கு. அன்றைக்கு நடுராத்திரி ஊஞ்சல் உற்சவம். பெங்களூர், பாண்டிச்சேரி, வேலூர் என்று பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கும். அதில் எப்படியும் ஒரு இருபது பேருக்கு நான் சொந்தக்காரனாக இருந்துவிடுகிறேன். "கோயில்ல காலு வைக்க எடமில்ல, அதான் இங்கயே வந்துட்டோம்" என்று கூடத்தில் பாயை விரிப்பார்கள். அவர்களுக்காக என் மனைவி முன்னதாகவே இட்லி மாவு அரைத்து, தூக்கு தூக்காக ஃபிரிட்ஜில் அடுக்கிவிடுவாள்.

இந்த ஆடி அமாவாசைக்கு முதல் நாள் விடியற்காலை, அந்த மாவு ஃபிரிட்ஜின் கதவைத் தானே திறந்துகொண்டு வெளியே வந்தது.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்று குரல் வந்தது. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அந்த 'கொஞ்சம்' என்ற சொல்லுக்கு எத்தனை ஆயிரம் ரூபாய் என்று எனக்கு ஓரளவு கணக்குத் தெரியும். போய்ப் பார்த்தேன். உள்ளே விளக்கு ஜோராக எரிந்தது. குளிர்ச்சிதான் இல்லை. பொங்கி வழிந்த மாவை அந்த விளக்கு வெளிச்சம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஃபிரிட்ஜுக்கு வயது ஆறு மாதம். மாசியில் மயானக்கொள்ளைக்கு ஒரு வாரம் முன்னால் வாங்கினோம். மயானக்கொள்ளை அன்றைக்குத் தானியம், காய்கறி, சில்லறை என்று ஜனங்கள் சூறை விடுவார்கள். நாங்கள் முன்கூட்டியே செஞ்சியில் ஒரு கடையில் சூறை விட்டுவிட்டு வந்தோம்.

கடைக்குள் கால் வைத்ததும் ஒரு பையன் ஓடிவந்து மனைவியை "அக்கா" என்றும் என்னை "சார்" என்றும் கூப்பிட்டான். யார் முடிவெடுக்கிறவர், யார் பணம் கட்டுகிறவர் என்று அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

"டேக்ஸெல்லாம் கொறைச்சிட்டாங்களாமே தம்பி?" என்றாள் மனைவி.

"அது ஏசிக்கும் பெரிய டிவிக்கும்க்கா. 2025 செப்டம்பர்ல 28-லேர்ந்து 18 ஆக்கினாங்க. ஃபிரிட்ஜு 2018-லயே 18-க்கு வந்துடுச்சு."

நாம் ஒரு பொருளை வாங்கப் போகும்போது அதன் வரி எப்போதோ குறைந்து, அந்தச் சந்தோஷத்தை வேறு யாரோ அனுபவித்து முடித்திருப்பார்கள்.

அடுத்தது நட்சத்திரம். மூன்று நட்சத்திரமா, ஐந்து நட்சத்திரமா? ஐந்துக்கு நாலாயிரம் ரூபாய் கூடுதல். ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு 60 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் வைத்தாலும் 300 ரூபாய். நாலாயிரத்தை மீட்க 13 வருஷம் ஆகும். அதற்குள் எரிசக்தித் திறன் பணியகம் அளவுகோலை இரண்டு மூன்று தடவை இறுக்கி, இன்றைய ஐந்தை நாளைய மூன்றாக்கிவிடும். ஜோசியத்தில் மட்டுமல்ல, ஃபிரிட்ஜிலும் நட்சத்திர பலன் நிரந்தரமில்லை. இதையெல்லாம் நான் விளக்கிச் சொல்ல, மனைவி ஒரே வரியில், "நாலு பேரு வந்து போற வீடு" என்றாள். ஐந்து வாங்கினோம். ஸ்டிக்கரை இன்னும் பிரிக்கவில்லை.

"கம்ப்ரசருக்குப் பத்து வருஷம் வாரண்டி சார்!" என்று பையன் பெருமையாகச் சொன்னான். மற்றதுக்கெல்லாம் என்று கேட்டபோது அவன் குரல் இறங்கியது. ஒரு வருஷமாம். கெடாத பாகத்துக்குப் பத்து வருஷம், கெடுகிற பாகத்துக்கு ஒரு வருஷம் என்று அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவிடாமல் ஒரு ஹாட் பாக்ஸை இலவசமாகக் கையில் திணித்துவிட்டான்.

மாதம் 2,000 வீதம் 12 தவணை. வட்டி பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைக் கட்டிக் காப்பாற்ற 'ப்ராசசிங் ஃபீஸ்' 499.

தவணை என்றால் என்ன என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புராணத்திலேயே இருக்கிறது. பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ளப் போய், சிவபெருமான் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டது. வாங்குகிற பிச்சையையெல்லாம் அதுவே தின்று தீர்த்தது. ஊர் ஊராக அலைந்தவர் கடைசியில் மலையனூருக்கு வந்து சேர்ந்தார். இங்கே அம்மன் ருசியாகச் சமைத்து, இரண்டு கவளத்தைக் கபாலத்தில் இட்டு, மூன்றாவதைத் தரையில் இறைத்தாள். ருசி கண்ட கபாலம் கையை விட்டுக் கீழே இறங்கியது. அம்மன் காலால் மிதித்துவிட்டாள். எனக்கும் ஐந்தாம் தேதி சம்பளக் கவளத்தைக் கபாலம்தான் தின்கிறது. ஒரு மாதம் மூன்றாவது கவளத்தைத் தரையில் இறைத்துப் பார்த்தேன், அதாவது மளிகைக் கடைக்குக் கொடுத்துவிட்டேன். இந்தக் கபாலம் கீழே இறங்கவில்லை. 'பவுன்ஸ் சார்ஜ்' போட்டது.

சரி, புகார். கம்பெனிக்குப் போன் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அமுக்கி, நாதஸ்வரமும் இல்லாத கிடாரும் இல்லாத ஏதோ ஒரு இசையைப் பதினைந்து நிமிஷம் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"மேல்மருவத்தூர்தானே சார்?"

"இல்லம்மா, மேல்மலையனூர்."

"அதான் சார், அம்மன் கோயில் இருக்குமே."

"இங்கயும் அம்மன் கோயில்தாம்மா. அது செங்கல்பட்டு மாவட்டம். இது விழுப்புரம் மாவட்டம். செஞ்சிக்குப் பக்கம்."

"நோட் பண்ணிட்டேன் சார். வேறு ஏதாவது உதவி வேணுமா?"

முதல் உதவியே வந்து சேராத நிலையில் இரண்டாவதை நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பையன் போனில் கூப்பிட்டான். "சார், மேல்மருவத்தூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். வீடு எந்தப் பக்கம்?"

இதற்கு நடுவில் அமாவாசை வந்து போய்விட்டது. வந்தவர்கள் அனைவரும் ஃபிரிட்ஜைத் துக்க வீட்டில் பிரேதத்தைப் பார்ப்பதுபோல வரிசையில் வந்து பார்த்தார்கள். திருக்கோவிலூர்ச் சித்தப்பா காது வைத்துக் கேட்டு, "கேஸ் போயிருக்கும்" என்றார். சென்னை மச்சான், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா மாமா?" என்று கேட்டான். ஆரணிப் பெரியம்மா ஒருத்திதான் காரியத்தில் இறங்கினாள். "கண்ணு பட்டிருக்குது. அஞ்சு நட்சத்திரம்னு வெளியிலயே ஒட்டி வெச்சா?" என்று சொல்லி, கோயில் பிரசாதமான புற்றுமண்ணைக் குழைத்துக் கதவில் மூன்று கோடு இழுத்து, தலைமேல் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்தாள்.

காத்திருப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் செஞ்சிக் கோட்டையை முற்றுகை போட்டான். உள்ளே மராட்டிய ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-ல். ராஜாராம் அதற்குள் வேலூர்ப் பக்கம் தப்பிப் போயிருந்தார். ஜுல்பிகர் கான் நினைத்திருந்தால் எப்போதோ பிடித்திருக்கலாம், வேண்டுமென்றே இழுத்தடித்தான் என்று வரலாற்று ஆசிரியர்கள் சிலர் சந்தேகிக்கிறார்கள். சர்வீஸ் சென்டர்க்காரர்கள் மேல் எனக்கும் அதே சந்தேகம் உண்டு.

பதினோராம் நாள் கம்பெனி டெக்னீஷியன் நிஜமாகவே வந்தார். கதவிலிருந்த புற்றுமண்ணைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஃபிரிட்ஜைத் திருப்பி, பின்பக்க மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்தார். "வாங்க சார், பாருங்க" என்றார்.

உள்ளே கருகிய போர்டின் மேல் ஒரு பல்லி, சஷ்டாங்க நமஸ்காரம் செய்த நிலையில் சிவபதவி அடைந்திருந்தது. பின்பக்கம் எப்போதும் இதமாகச் சூடு இருக்கும், சூட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லி இரண்டு முனைகளில் ஒரே சமயத்தில் கால் வைத்தால் கதை முடிந்தது என்று விளக்கினார். முடிந்தது பல்லியின் கதை மட்டுமில்லை.

"வாரண்டி இருக்குதே?" என்றேன்.

அவர் வாரண்டி அட்டையைத் திருப்பி, எறும்புக்கு மட்டும் தெரிகிற எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். பூச்சி, பல்லி, எலி ஆகியவற்றால் வரும் சேதம் வாரண்டியில் அடங்காது. பல்லி விழும் பலன் பஞ்சாங்கத்தில் விலாவாரியாக உண்டு. தலையில் விழுந்தால் இன்னது, தோளில் விழுந்தால் இன்னது, வலமா இடமா, ஆணா பெண்ணா என்று. போர்டில் விழுந்தால் என்ன பலன் என்பதை மட்டும் முன்னோர்கள் வாரண்டி அட்டைக்காரர்களுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். தன நஷ்டம். 4,850 ரூபாய்.

"இதுக்கு வாரண்டி கெடையாது சார்" என்று டெக்னீஷியன் முடித்தபோது, சுவரிலிருந்து இன்னொரு பல்லி 'ச்சிக் ச்சிக்' என்றது. திண்ணையோரம் உட்கார்ந்திருந்த அம்மா பழக்க தோஷத்தில் தரையைத் தட்டி, "நெசம், நெசம்" என்றாள்.

போர்டு சென்னையிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. "ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க சார்" என்றார். சொன்னேன். அவர் தெருமுனை திரும்புவதற்குள் செல்போனில் செய்தி வந்தது: தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்களுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?

பக்கத்து வீட்டு அண்ணன் வி.ஏ.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டா சிட்டா காலம் போய், இப்போது அவருக்குச் சட்டம்தான் பொழுதுபோக்கு. "1915-க்குப் போனைப் போடு. அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதுலயும் மசியலன்னா விழுப்புரம் நுகர்வோர் ஆணையத்துல கேஸைப் போடு. அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணமே கெடையாது. 2019 சட்டத்துல, நீ குடியிருக்கிற எடத்துலயே கேஸ் போடலாம்னு இருக்குது. மும்பைக்கா போகப் போற?" என்றார். மும்பை வேண்டாம்தான். இங்கிருந்து செஞ்சி, செஞ்சியிலிருந்து விழுப்புரம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பஸ். எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் பல்லியைக் கூண்டில் ஏற்றுவார். ஆதாரத்துக்காக அந்தப் பல்லியை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைக்கும்படி அண்ணன் சொன்னதை மனைவி காதில் வாங்கிவிட்டதால், சட்டப் போராட்டம் அந்த இடத்திலேயே நின்றது.

"எங்க காலத்துல இப்பிடியா?" என்று அம்மா ஆரம்பித்தாள். அம்மி தேய்ந்தால் கொத்துகிறவர் தானே தெருவோடு "அம்மி கொத்தறதேய்" என்று கத்திக்கொண்டு வருவார். பித்தளைக்கு ஈயம் பூசுகிறவர் வேப்பமரத்தடியில் குழி தோண்டி, துருத்தி ஊதி, நவச்சாரம் தூவித் துணியால் ஒரு தேய்ப்பு தேய்த்தால், அண்டாவின் உட்புறம் நிலாவாகிவிடும். அப்போதெல்லாம் ரிப்பேர்காரர் கத்திக்கொண்டு தெருவில் வந்தார். இப்போது வீட்டுக்குள் உட்கார்ந்து நாம் கத்துகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நான் சமாதானம் சொன்னேன். "என் மிக்சி ஓடுதே" என்றாள் அம்மா. அதற்கு என்னிடம் பதில் கிடையாது. 2011-ல் தொடங்கிய திட்டத்தில் அரசாங்கம் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்ததே, அந்த மிக்சி இன்னும் ஓடுகிறது. கத்துகிற கத்தலில் பக்கத்துத் தெருவில் சட்னி அரைபட்டுவிடும், ஆனால் ஓடுகிறது. எங்கள் வீட்டில் விலையில்லாப் பொருளுக்குத்தான் செலவு வைக்கத் தெரியவில்லை.

கடைசியில் செஞ்சியிலிருந்து ஒரு மெக்கானிக்கைப் பிடித்தேன். கைராசிக்காரர் என்று நாலு பேர் சொன்னார்கள். வந்தார், போர்டைக் கழற்றி முகர்ந்து பார்த்தார், "புதுசு எதுக்கு சார்? நானே ரெடி பண்ணித் தரேன். எண்ணூறு ரூவா கொடுங்க போதும்" என்றார். போர்டை ஒரு ஜவுளிக்கடைப் பையில் சுற்றி வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவர் வளத்தியிலேயே தங்கிவிட்டார். செஞ்சியிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் வழியில் இருக்கிறது வளத்தி. காலை பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் "வளத்தி வந்துட்டேன் சார்." சாயங்காலம் ஐந்துக்கும் "வளத்தி வந்துட்டேன் சார், அஞ்சு நிமிஷம்." ஒரு நாள் சந்தேகப்பட்டு நானே வண்டியை எடுத்துக்கொண்டு வளத்திக்குப் போய், பஸ் நிறுத்தத்தில் நின்றபடி அவருக்குப் போன் செய்தேன். "வளத்தி வந்துட்டேன் சார்" என்றார். "நானும் வளத்தியிலதாங்க நிக்கிறேன்" என்றேன். ஒரு கணம் மௌனம். "அப்பிடியா? அப்ப நான் வளத்திய தாண்டிட்டேன் சார்" என்றார்.

அந்த நாட்களில் ஃபிரிட்ஜ் வேறு உத்தியோகம் தேடிக்கொண்டது. எலி புகாது, எறும்பு புகாது, பூட்டும் உண்டு. முதல் தட்டில் அப்பளக் கட்டும் கருவாடும், நடுத்தட்டில் ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, காய்கறிப் பெட்டியில் என் பனியன்கள். இருபத்தி நாலாயிரம் ரூபாய்க்கு, உள்ளே விளக்கு எரிகிற பீரோ தெருவில் வேறு யாரிடமும் இல்லை என்று மனைவியே ஒரு நாள் சொன்னாள். அவள் சிரித்தாளா என்பதைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அடுத்த அமாவாசை வந்தது. ராத்திரி பத்து மணி. கூடத்தில் பெரியம்மா, சித்தப்பா, இன்னும் பெயர் தெரியாத சொந்தங்கள் எட்டுப் பேர். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மெக்கானிக். பின்னால் பட்டுப் புடவையில் அவர் மனைவி, தூங்கி வழியும் இரண்டு பிள்ளைகள். நெற்றியில் குங்குமம்.

"ஊஞ்சலுக்கு வந்தோம் சார். பிள்ளைங்கள இந்தக் கூட்டத்துல எங்க படுக்க வெக்கிறதுன்னு தெரியல. உங்க வீடு ஞாபகம் வந்துது."

திட்டுவதற்காக இத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. அதற்குள் மனைவி பிள்ளைகளுக்குப் பாய் விரித்துவிட்டாள். அவர் என் முகத்தைப் பார்த்தார், வெளியே போனார், வண்டிப் பெட்டியைத் திறந்து ஜவுளிக்கடைப் பையோடு திரும்பி வந்தார். போர்டு. சரிசெய்து எத்தனை நாளாகிறதோ, அதுவும் தினமும் வளத்தி வரைக்கும் வந்து வந்து போயிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவரவில்லை. பெரியம்மாவின் பாக்குவெட்டி முனையால் நாலு திருகாணியைத் திருகினார். என் பனியன்கள் சபையின் முன்னிலையில் வெளியேற்றப்பட்டன. சுவிட்சைப் போட்டார். 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம் எழுந்தது. கோயில் பக்கம் பம்பை முழங்கியது. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள், எந்தச் சத்தத்துக்கு என்று தெரியவில்லை.

எண்ணூறு ரூபாயை நீட்டினேன். "அம்மா சந்நிதிக்கு வந்த எடத்துல காசு வாங்குவனா சார்? நாளைக்கு ஜிபே பண்ணிடுங்க" என்றார்.

இலை போட்டு உட்கார வைத்தோம். சாம்பார் முடிந்து ரசத்துக்கு அவர் சோற்றைக் குழி பறித்துக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் செல்போன் அடித்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் யாரோ பாவப்பட்ட குரல், வாஷிங் மெஷின் என்பதுபோல ஏதோ காதில் விழுந்தது.

"வளத்தி வந்துட்டேன் சார்" என்றார். "அஞ்சு நிமிஷம்."

நான் ரசத்தை ஊற்றினேன்.