தூத்துக்குடி – திப்ருகர்: 4 மணி நேரம்

தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து அசாமின் திப்ருகர் விமான நிலையத்துக்கு 2,745 கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஏறக்குறைய 4 மணி என்று என் மனைவியின் போன் சொன்னது. அவள் தம்பிக்கு அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை. "காலையில இட்லி சாப்பிட்டுட்டுக் கிளம்புனா மதியச் சோத்துக்குத் தம்பி வீட்ல இருக்கலாம்ங்க" என்றாள். இந்த இரண்டு ஊருக்கும் நேரடி விமானமே கிடையாது. போன் அதைச் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் தருவதில் அது அரசு அலுவலகம் மாதிரி.

கணக்கு எளிது. உலக உருண்டையில் மிகக் குறுகிய தூரத்தை எடுத்து, மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வகுத்து, ஏறி இறங்க ஓர் அரை மணியைக் கூட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கோட்டை வரைபடத்தில் பிடித்துக்கொண்டே போனேன். பட்டுக்கோட்டை, திருவாரூர்ப் பக்கமாகச் சென்று தரங்கம்பாடி அருகே கடலில் இறங்குகிறது. வங்காள விரிகுடா முழுவதையும் கடந்து, புலிகள் உலவும் சுந்தரவனத்தில் கரையேறி, வங்கதேசத்துக்குள் புகுந்து, மேகாலய மலைகளைத் தாண்டி அசாமுக்குப் போகிறது. காக்கைக்குச் சரி. அதுவும் பாஸ்போர்ட் உள்ள காக்கைக்கு.

நாங்கள் சென்னை, கொல்கத்தா வழியாகப் போனோம். இதைச் சுற்றுவழி என்று திட்டக்கூட முடியவில்லை. மூன்று துண்டுகளையும் கூட்டினால் நேர்கோட்டைவிட 30 கிலோமீட்டர்கூட அதிகமில்லை. தூரம் யோக்கியமாகத்தான் இருக்கிறது. நேரமெல்லாம் நாற்காலிகளில் போய்விடுகிறது. சென்னை வரை ஏடிஆர் விமானம். விசிறி வைத்த அந்தப் பிள்ளை மணிக்கு 500 கிலோமீட்டரே பெரிய காரியம் என்று நினைக்கும். 800 என்று எழுதியவர் எங்கள் விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் பக்கம் வந்ததே இல்லை போலும். கொல்கத்தாவில் இறங்கும்போது அன்றைய திப்ருகர் விமானம் போய்விட்டது. ராத்தங்கல்.

மச்சினனுக்காக மக்ரூன் வாங்கியிருந்தோம். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி சேர்ந்த பண்டம். திருநெல்வேலி பஸ்ஸிலேயே நொறுங்கக்கூடியது. மூன்று விமானம் ஏறியதில் ஸ்பூனால் அள்ளும் பதத்துக்கு வந்திருந்தது.

மாமனார் போனில் பிடித்துக்கொண்டார். "கன்னியாகுமரியில விவேக் எக்ஸ்பிரஸ் ஏறுனா நேரா திப்ருகர்லா மாப்ள! படுத்துட்டே போயிருக்கலாம்லா." 4,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று ராத்திரிக்குக் குறையாது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததுதான் எரிச்சல்.

மறுநாள் திப்ருகர் விமான நிலையமான மோகன்பாரியில் இறங்கினோம். இரண்டாம் உலகப்போரில் இமயமலைக்கு மேலாகச் சீனாவுக்குச் சரக்கு அனுப்பிய ஓடுதளம் அது. என் கடிகாரத்தில் மணி 2. மச்சினன் கையில் 3.

இங்கே சூரியன் தூத்துக்குடியைவிட ஒரு மணி நேரத்துக்கு மேலேயே முந்திக்கொள்ளும். அதனால் அசாம் தேயிலைத் தோட்டங்களில் இந்திய நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக ஓடும் 'பாகான் டைம்' என்று ஒன்று உண்டாம்.

"அப்ப நாங்க வந்தது இன்னும் ஒரு மணி லேட்டா?" என்றேன்.

"திரும்பிப் போறப்ப அந்த ஒரு மணி உங்களுக்கே கிடைச்சிரும், அத்தான்" என்றான்.