ஐம்பதில் ஒரு பிடிப்பு

முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பவரையும், தேங்காயைக் காதருகே குலுக்கிப் பார்ப்பவரையும், வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு வாங்காமலே நடையைக் கட்டுகிறவரையும் நம் கடைவீதிகள் நெடுங்காலமாகச் சகித்து வந்திருக்கின்றன. ஆனால் காமிராக் கடைக்குள் பிரவேசித்து, பேழைக்குள் வீற்றிருக்கும் லென்ஸை வெளியே எடுக்கச் சொல்லி, அதன் கண்ணாடியையும் பாராமல், அதன் வழியே உலகத்தையும் பாராமல், இரு கண்களையும் மூடிக்கொண்டு ஜூம் வளையத்தை மட்டும் இப்படியும் அப்படியும் திருகியபடி நிற்கும் ஒரு பிரகிருதி உண்டு என்பதை, அத்தகைய ஒருவரோடு ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கும் பாக்கியம் வாய்க்கும் வரையில் நான் அறியாதிருந்தேன்.

அவரை வளையக்காரர் என்று அழைப்போம். உத்தியோகம் கணக்குப் பரிசோதனை, ஸ்வபாவமும் அதுவே. இடது உள்ளங்கையில் லென்ஸைக் குழந்தையைப்போல் ஏந்தி, கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் வளையத்தின் ரப்பர் வரிகளைப் பற்றி, நாடி பார்க்கும் வைத்தியர் வாதம், பித்தம், சிலேத்துமம் என்று பிரித்து உணர்வது போல, “24இல் புறப்படும்போது இளக்கமாய்த்தான் வருகிறது, 35ஐத் தாண்டியதும் முரண்டுகிறது, 50இல் ஒரு பிடிப்பு, அப்பால் சறுக்கிக்கொண்டு போய் 70இல் முட்டுகிறது” என்று அவர் சொல்லும்போது, வியாதியஸ்தருக்கு நாள் குறித்துவிட்ட தோரணை அவர் முகத்தில் படரும்.

“புதுசு சார், டைட்டாத்தான் இருக்கும். போகப் போக லூஸ் ஆயிடும்” என்றான் கடைப்பையன்.

“போகப் போக என்றால் எத்தனை திருகு?” என்று கேட்டார் வளையக்காரர்.

பையன் பதில் சொல்லவில்லை. இரண்டாவது லென்ஸை எடுத்து வந்தான். அது பட்டுப்போல் சுழன்றது. ஆனால் அவர் அதைத் தரைநோக்கிப் பிடித்தவுடன், உள்ளிருந்த குழல் யானை துதிக்கையை நீட்டுவது போலத் தன் பாரத்தாலேயே மெல்ல மெல்ல வெளியே இறங்கிவிட்டது. “சுயபுத்தி இல்லாத லென்ஸ்” என்று அதைத் தள்ளினார். மூன்றாவதில் இறுக்கமும் இல்லை, தொங்கலும் இல்லை. காதில் வைத்துத் திருகியபோது ‘சரக்’ என்று ஓர் ஓசை வந்ததாம். எனக்கு அது கேட்கவில்லை. பையனுக்கும் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டதெல்லாம் கடை பூட்டும் நேரம் ஆயிற்று என்று முதலாளி கனைத்தது ஒன்றுதான்.

வளையக்காரரின் குறையில் நியாயமே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. வளையத்தைத் திருகும்போது உள்ளே ஒரு குழல் சுழல்கிறது. அதன் உடலில் வளைந்து வளைந்து செல்லும் பள்ளங்கள் கடையப்பட்டிருக்கின்றன. கண்ணாடித் தொகுதிகளைத் தாங்கும் சிறு முளைகள் அப்பள்ளங்களின் வழியே ஊர்ந்து, ஒரு தொகுதி விரையும்போது மற்றொன்று நிதானிக்கவும், சிலவற்றில் ஒன்று போன வழியே திரும்பி வரவும் செய்கின்றன. 24இல் நீண்டு, 50ஐ நெருங்குகையில் குறுகி, 70இல் மறுபடி நீளும் லென்ஸ்களும் உண்டு. பள்ளம் செங்குத்தாக ஏறுமிடத்தில் விரலுக்குக் கனப்பதும், சாய்வு குறைந்த இடத்தில் இலேசாவதும் இயல்பு. கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டையூசி வளைவுகளையும் ஒரே சீராய் ஏறவேண்டும் என்று பஸ்ஸிடம் யாரும் வற்புறுத்துவதில்லை. இந்த இயல்பான ஏற்ற இறக்கத்தோடு, முளையின் மேலுள்ள உருளை தேய்ந்தாலும், கிரீஸ் வறண்டாலும், கடற்கரை மணல் ஒரு பொடி உள்ளே குடியேறினாலும், கீழே விழுந்து குழல் இம்மியளவு கோணினாலும், மெய்யான கோளாறும் வந்து சேர்ந்துகொள்ளும். இது எங்கே முடிகிறது, அது எங்கே தொடங்குகிறது என்று பழுதுபார்ப்பவர்தாம் சொல்லவேண்டும். அப்படிப்பட்ட ஒருவரிடம் தம் பழைய லென்ஸை எடுத்துச் சென்றபோது, அவர் யதார்த்தமாக, “கீழே போட்டீங்களா சார்?” என்று கேட்டுவிட்டார், குலத்தின் ஒழுக்கத்தையே சந்தேகித்துவிட்டாற்போல் வளையக்காரர் அந்தக் கடையின் படியை அதன்பின் மிதிக்கவில்லை.

வீடியோ எடுப்பவன் அங்கலாய்த்தால் அதற்கும் பொருளுண்டு: ஓடும் படத்தின் நடுவே வளையம் திக்கினால், திரையில் மணமகளின் முகமும் திக்கும். படம் எடுக்குமுன் திருகி நிறுத்திவிட்டு, அப்புறம் பொத்தானை அமுக்கும் புகைப்படக்காரனுக்கோ அந்தத் திக்கல் விரலோடு தீர்ந்துபோகும் விஷயம். படத்தில் அதன் சுவடே இராது. வளையக்காரர் வீடியோ எடுப்பதில்லை. எடுத்த புகைப்படங்களும், நான் பார்த்த வரையில், அவர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் பற்றியவை. ஒவ்வொரு லென்ஸின் ஒவ்வொரு நிலையிலும் அந்தச் சுவர் சிரத்தையோடு பதிவாகியிருக்கிறது. மழையில் அதன் காரை உதிர்ந்த வரலாற்றை அப்படங்களைக் கொண்டே எழுதிவிடலாம்.

35 மி.மீ. புகைப்படக் காமிராவுக்கென்று விற்பனைக்கு வந்த முதல் ஜூம் லென்ஸ், ஃபிராங்க் பேக் என்பவர் வடிவமைக்க, ஃபோக்ட்லேண்டர் கம்பெனியின் பெயரோடு 1959இல் வெளிவந்த ஜூமார். 36 முதல் 82 மி.மீ. வரை அது நீண்டு கொடுத்தது. அதற்கு முன்பெல்லாம் ஒரு பொருளைப் பெரிதாகக் காண விரும்பியவன் லென்ஸை மாற்றினான், அல்லது நாலடி முன்னே நடந்து போனான். அந்த ஜூமில் செருப்புத் தேய்வதைத் தவிர வேறு கோளாறு இருந்ததில்லை.

வளையக்காரருடைய தங்கை மகளின் விவாகத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துப் புகைப்படக்காரர் எடுப்பது போதாதென்று, “நம் அண்ணாவும் எடுக்கட்டும்” என்று தங்கை ஆசைப்பட்டுவிட்டாள். வளையக்காரர் மணமேடையருகே நல்ல இடமாகப் பார்த்து நின்றார். “கெட்டி மேளம்!” என்ற குரல் எழுந்தது, நாகசுரமும் தவிலும் பொங்கின, அட்சதை பறந்தது, அவர் திருகினார். ஏதோ இடறிற்று. மீண்டும் பின்னுக்குத் திருகி, அந்த இடறல் போகும்போதா வரும்போதா என்று நிதானமாக ஆராய்ந்து, வரும்போதுதான் என்று நிச்சயித்துக்கொண்டு தலைநிமிர்ந்தபோது, மூன்றாம் முடிச்சும் விழுந்து, உறவினர் பந்திக்கு எழுந்துகொண்டிருந்தார்கள். தங்கை அவரோடு ஒரு வருஷம் பேசவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்பதும் சந்தேகமே.

என்னிடமும் ஒரு லென்ஸ் இருக்கிறது. பதினொரு வருஷமாகப் பேரக்குழந்தைகளையும், திருவிழாத் தேர்களையும், அகப்பட்ட காக்கைகளையும் அதைக்கொண்டு எடுத்து வந்திருக்கிறேன். ஒரு குறையும் கண்டதில்லை. ஒரு நாள் வளையக்காரர் வீட்டுக்கு வந்தவர், அதை மேஜையிலிருந்து எடுத்து, கண்மூடி இருமுறை திருகி, துக்க வீட்டிலிருந்து விடைபெறுபவர் போல மௌனமாக என் கையில் வைத்து, “ஐம்பதில் ஒரு பிடிப்பு இருக்கிறதே, உங்களுக்குத் தெரியாதா?” என்றார். ஐம்பது வயதில் எனக்கு வந்த இடுப்புப் பிடிப்பைத்தான் யாரோ சொல்லிவிட்டார்களாக்கும் என்று முதலில் எண்ணினேன். அன்றிரவு சாப்பாடானதும், விளக்கை அணைத்துவிட்டு, ஒருவரும் பாராதபடி திருகிப் பார்த்தேன். இருந்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பேத்தி ஊஞ்சலில் ஏறி நின்று, புதுப் பாவாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, “எடுத்தாச்சா தாத்தா?” என்று மூன்று தடவை கேட்டாள், பிறகு இறங்கி விளையாடப் போய்விட்டாள். நான் 45க்கும் 55க்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தேன்.