கொசுப்பொறி வேலைக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: ரத்தம் உள்ள ஒரு குடியிருப்பாளர், திருநீர்மலை.

பெறுநர்: கொசுக்களை எண்ணும் பொறுப்பில் இருக்கும் உயர் அலுவலர் அவர்கள். (எந்த அலுவலகம் என்று தெரிந்தவர்கள் உறைமேல் எழுதிச் சேர்ப்பிக்கவும்.)

பொருள்: நடமாடும் கொசுப்பொறியாகப் பணி நிரந்தரம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது ரத்தப் பரிசோதனை அறிக்கை (நகல் மட்டும், அசல் கொசுவிடம் உள்ளது).

ஐயா / அம்மையீர்,

எங்கள் தெருவில் டெங்குக் கொசு இருக்கிறதா என்பதை அரசு அறிந்துகொள்வது எங்கள் ரத்தத்தின் மூலமாகத்தான். ஒருவருக்கு லேபில் பாசிட்டிவ் வந்ததும் புகை மெஷின் வருகிறது. சாலையோரம் பிளீச்சிங் பவுடர் கோலம் போடுகிறது. அதுவரை ஊரில் கொசுவே கிடையாது. ஆகவே பொறி நாங்கள்தான். அரசாணை மட்டும் பாக்கி.

தகுதிகள்: கொசுவை இழுக்கும் நவீனப் பொறிகளில் கரியமில வாயுவும் லாக்டிக் அமிலமும் வைக்கிறார்கள். மூச்சிலும் வியர்வையிலும் இரண்டையும் நான் இலவசமாகவே தருகிறேன். கரண்ட் போனால் உற்பத்தி கூடும். சிங்கப்பூர்க்காரர்கள் பாவம், காசைக் கொட்டிப் பல்லாயிரக்கணக்கில் கறுப்பு உருளைகளை வைத்திருக்கிறார்கள். உள்ளே பசை, அடியில் தண்ணீர். முட்டையிட வரும் பெண்கொசு ஒட்டிக்கொள்ளும். அதை எண்ணி, எந்தக் கட்டடத்தில் கொசு பெருகுகிறது என்று காய்ச்சலுக்கு முன்பே தெரிந்துகொள்கிறார்களாம். அவசரக்காரர்கள்.

முன் அனுபவம்: அரசுக் கணக்குப்படியே 2017-இல் தமிழ்நாட்டில் 23,000-க்கும் மேற்பட்டோர் டெங்குப் பொறிகளாகப் பணியாற்றினர். 65 பேர் பணியின்போதே இறந்தனர்.

ஒரு குறையை மறைக்க விரும்பவில்லை. நான் மெதுவான பொறி. கொசு கடித்து எனக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். பாராசிட்டமாலில் ஓட்டுவது சில நாள். பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் சேவை சாதிக்கும் ஊர் இது, நானும் ஓ.பி. வரிசையில் நின்று, பெஞ்சில் இருந்து, கட்டிலில் கிடந்து, லேபுக்கு நடந்து, நான்கு கோலமும் முடித்தபின்தான் ரிசல்ட் வரும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். ஆக, நான் தரும் தகவல் போன தலைமுறைக் கொசுவைப் பற்றியது.

புகையைப் பற்றி: டெங்குக் கொசுவான ஏடிஸ் பகலில் கடித்துவிட்டு, வீட்டுக்குள் கட்டிலடியிலும் தொங்கும் துணி மறைவிலும் ஓய்வெடுக்கிறது. தெருவில் சாயங்காலப் புகை வரும்போது நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம், அதையும் உள்ளே வைத்து.

பார்வையிட வரும் பெரியவர்கள் நேரே ஏரிக்கும் அடையாற்றுக்கும் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். சாக்கடையில் பிறப்பது வேறு ரகமான க்யூலெக்ஸ். ஏடிஸ் ஆசாரமான பிறவி, நல்ல தண்ணீர்தான் வேண்டும்: மூடாத சம்ப், நீல டிரம், பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்புறம். பாத்திரச் சுவரில் ஒட்டிய முட்டை, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். கொட்டிக் கவிழ்த்தால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும்.

இதெல்லாம் எனக்குச் சொன்னது டிரம்முக்குள் டார்ச் அடித்துப் புழு பார்க்கும் தற்காலிகப் பணியாளர் அம்மா. உண்மையான கண்காணிப்பு அவர் கையில் இருக்கும் டார்ச்தான். 100 வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்பதே பிரீட்டோ குறியீடு. அதற்கு எண் தருபவர் அவர். ஆனால் திறந்த கதவுகளை மட்டுமே அவரால் எண்ண முடிகிறது. பூட்டிய ப்ளாட்டும், பாதி கட்டிய அபார்ட்மென்ட்டின் லிப்ட் குழியும் கணக்கிலேயே வருவதில்லை. கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று எழுதியிருக்கும்; கொசுக்களைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

எனவே, என்னை நிரந்தரமாக்க நிதி இல்லையென்றால் அந்த அம்மாவை நிரந்தரமாக்குங்கள். 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசுக் கட்டுப்பாட்டுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அதைக் கொண்டு லிப்ட் குழியைத் திறக்கவையுங்கள். எந்தத் தெருவில் எத்தனை பாத்திரத்தில் புழு என்று வாரந்தோறும் தெருமுனையில் எழுதி ஒட்டுங்கள், நாங்கள் படுக்கையில் விழுவதற்கு முன்பாக.

இப்படிக்கு,
தற்காலிகப் பொறி.